காணாத கனவு

நான் அந்தக் கனவைக் காணவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கும் எங்கள் சிறிய சபை, என் கனவை நம்பித்தான் தன் போதகரை அழைத்தது. அப்படி ஒரு கனவு எனக்கு வரவே இல்லை.

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

எங்கள் பழைய போதகர் வயதாகி, மகளோடு இருக்கக் கனடாவுக்குப் போய்விட்டார். அதன்பின் ஒரு வருடத்துக்கு மேலாக எங்களுக்கு யாரும் இல்லை. புதியவரைத் தேடுவதற்குச் சபை ஐந்து பேரை நியமித்தது. ஐவரில் நான் மட்டும் பெண். வெள்ளிக்கிழமைகளில் சபை முழுவதும் உபவாசமிருந்து ஜெபித்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட, "நல்ல பாஸ்டர் ஒராளத் தாங்க ஆண்டவரே" என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டார்கள்.

குழுவின் தலைவர் தேவராசா ஐயா, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். கொழும்பில் படித்த ஓர் இளைஞரை அவருக்குப் பிடித்திருந்தது. நல்ல குரல், நல்ல ஆங்கிலம், கித்தார் வாசிப்பார். மற்ற மூவரும் ஐயாவின் பக்கம். நான் வேறொரு பெயரைச் சொன்னேன்: ஜெயசீலன், பனிச்சங்கேணியில் ஒரு கொட்டகையில் ஆராதனை நடத்துகிறவர்.

நான் குடும்பநல மாது. மிட்வைஃப் மிஸ் என்றால்தான் இங்கே தெரியும். வாகரைப் பக்கம் வேலை செய்த காலத்தில், பனிச்சங்கேணியில் ஒரு தாய்க்குப் பிள்ளை இறந்து பிறந்தது. பார்க்கப் போனபோது ஜெயசீலன் அந்த வீட்டில் இருந்தார். வேதம் வாசிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. கிணற்றடியில் குந்தியிருந்து அந்த வீட்டுச் சட்டி பானைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளையின் தகப்பனுக்குப் பக்கத்தில் போய்ப் பேசாமல் இருந்தார். நான் திரும்பும்போதும் அப்படியே இருந்தார்.

இதைத்தான் குழுவில் சொன்னேன். இதுவே என் காரணம். உண்மையான காரணம்.

தேவராசா ஐயா பொறுமையாகக் கேட்டார். "நல்ல மனிசன்தான் புள்ள. ஆனா பிரசங்கம் பண்ண ஒராள் வேணுமே. எங்கட பொடியனுகள் இங்க இரிக்க வேணுமே." பிறகு, "எல்லாருக்கும் ஒருக்காத் தேத்தண்ணி போடுறீங்களா?" என்றார்.

நான் எழுந்து போனேன். தண்ணீர் கொதிக்கும்வரை பின்னறையில் நின்றேன். உள்ளே அவர்கள் சிரித்துப் பேசுவது கேட்டது. முடிவு எடுத்தாயிற்று என்று புரிந்தது. தட்டத்தோடு உள்ளே போய், கோப்பைகளை வைக்காமலே சொன்னேன்:

"எனக்கொரு கனவு வந்தது."

ஏன் சொன்னேன்? எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். யோசித்து வைத்திருந்து சொல்லவில்லை. ஆனால் சொன்னதும் அறை அடங்கியதே... அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அதையும் உங்களிடம் மறைக்கக்கூடாது.

"எங்கட சேர்ச் கதவு பூட்டிக் கிடக்கு. ஒராள் வாவியால தோணியில வந்து இறங்குறார். காலில செருப்பு இல்ல. கதவுல கைய வைக்கிறார், அது திறக்குது. முகத்தப் பாத்தா ஜெயசீலன்."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "இத முதல்லயே சொல்லி இரிக்கலாமே புள்ள" என்றார். எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். நானும் நின்றேன். நான் கண்டதைச் சொன்னபோது தேத்தண்ணி கேட்டவர்கள், காணாததைச் சொன்னபோது முழங்காலிட்டார்கள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அடுத்த கிழமை வாடகைக்கு ஒரு வான் பிடித்துப் பனிச்சங்கேணிக்குப் போனோம். ஜெயசீலன் மறுத்தார். "நான் வந்தா இந்தச் சனத்த ஆரு பாக்கிற?" அவருடைய மனைவி மீன் அரிந்த கையைக் கழுவாமல் வாசலில் நின்று எங்களைப் பார்த்தாள். அவள் பிறந்த ஊர் அது. சகோதரிகள் எல்லாரும் பக்கத்து வளவுகளில் இருந்தார்கள்.

தேவராசா ஐயா என்னைப் பார்த்தார். "அந்தக் கனவச் சொல்லுங்க புள்ள."

அங்கே நிறுத்தியிருக்கலாம். வெட்கத்தோடு முடிந்திருக்கும். நான் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது இன்னும் தெளிவாக வந்தது. தோணிக்கு நிறம்கூட வந்துவிட்டது.

அவர் அழுதார். "ஆண்டவர் கூப்பிட்டா மாட்டன் எண்டு சொல்ல நான் ஆர்?" என்றார். மனைவி உள்ளே போனாள்.

அவர்கள் வந்து மூன்று வருடமாகிறது. போதகர் எங்களுக்கு நல்லவராகவே இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிறார், சாவீட்டில் கடைசிவரை நிற்கிறார். பிரசங்கத்தில் திக்குகிறார், சிலர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுப்பவர்களை ஐயாவே அடக்குகிறார்: "கர்த்தர் காட்டித் தந்த ஆள்." பனிச்சங்கேணிக் கொட்டகையிலோ, வெளியூரிலிருந்து யாராவது நடத்தப் போனால்தான் ஆராதனை. பலர் வருவதை விட்டுவிட்டார்களாம்.

பொய்யிலிருந்தும் நன்மை வந்ததே என்று நீங்கள் சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன். அவருடைய மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வரிசை வாங்கில் தனியாக இருப்பதைப் பார்த்தால் அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

ஒருமுறை உண்மையைச் சொல்லத் துணிந்தேன். "போதகர், அந்தக் கனவு..." என்று தொடங்கினேன். அவர் முகம் மலர்ந்தது. "அது மட்டும் இல்லாட்டி நான் எப்பயோ திரும்பி ஓடியிரிப்பன் அக்கா" என்றார். நான் வேறு ஏதோ பேசிவிட்டு வந்தேன்.

போன மாதம் ஆராதனை முடிந்த நேரம், பனிச்சங்கேணியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவரைத் திரும்ப அழைக்க வந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை நான் கண்டேன். போக விரும்பினார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதீங்க. அது கனவுதானே? உங்கட நினைப்பு இல்லையே?"

இதைவிட நேராக ஒரு மனிதர் கேட்க முடியுமா? நான் 'கனவு இல்லை' என்றால் போதும், அவரும் மனைவியும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் தேவராசா ஐயாவை நினைத்தேன். சபையை நினைத்தேன். என்னைப் பார்க்கப்போகும் கண்களை நினைத்தேன்.

"கனவுதான் போதகர்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வெளியே போய் அவர்களிடம், வர இயலாது என்று சொன்னார். மனைவி அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியுமோ... எனக்குத் தெரியாது.

வந்தவர்களுக்குச் சோறு கொடுத்தோம். பரிமாறிக்கொண்டிருந்தபோது அவர்களில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். என்னைவிட இளையவள், வெயிலில் கறுத்த முகம்.

"நீங்கதானா அந்தக் கனவு கண்ட அக்கா?"

"ஓம்."

"உங்களுக்குத்தானே ஆண்டவர் காட்டுறார். எங்களுக்கும் ஒரு போதகரக் காட்டச் சொல்லிக் கேளுங்க அக்கா." அவள் கோபமாகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னாள். போகும்போது என் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமைகளில் அழைக்கிறாள். "ஏதும் கண்டீங்களா அக்கா?" என்கிறாள். இன்னும் இல்லை என்கிறேன்.

"பறவாயில்ல" என்கிறாள். "நாங்க காத்திரிக்கம்."