சங்குப்பூ நீலம்

நேற்று ஓர் உணவுக்கடையில் யாரோ நீலப் பானத்தில் எலுமிச்சையைப் பிழிந்தார்கள். அது ஊதாவாக மாறுவதைப் பார்த்ததும், வெள்ளைக்காரர் காலத்தில் மலாக்காவின் காஜா பெராங்கில் இருந்த, இன்று சிமெண்டுக்கு அடியில் போய்விட்ட என் தோழி மீனாச்சி வீட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சத்தாரான மலாக்கா செட்டி வீடுகளில் நீலச் சோறு சமைக்கச் சங்குப்பூவைக் கசக்கிச் சாறெடுப்பார்கள். அந்தச் சாற்றைத் திருடி, தையல் மட்டுமே சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் விட்டு வந்த மாலைகளில், செட்டிப் பெண்ணான அவளும் முஸ்லிம் துணிக்கடைக்காரரின் மகளான நானும் ஈரக் கல்லில் குந்தியிருந்து, பழைய அத்தர் குப்பிகளில் எலுமிச்சைக்கு ஊதாவும் சவுக்காரத் தண்ணீருக்குப் பச்சையுமாக ஊற்றி ஊற்றிப் பார்த்துக்கொண்டே இருப்போம். "கீத்தா ஓராங் சாயின்ஸ்" என்பாள் மலாயில், நாம் சயின்ஸ்காரர்களாம். ஆய்வுக்கூடம் பையன்கள் பள்ளியில்தான் இருந்தது.

"வயசுக்கு வந்த புள்ளைக்கு இனிமே என்னடி படிப்பு?" என்று உம்மா என்னை வீட்டோடு நிறுத்தினார். அதே ஆண்டு அவளுக்குக் கல்யாணம். விருந்தில் நீலச் சோற்றின் நடுவே ஊதாவாக ஒரு திட்டு. சோற்றைக் கெடுத்தது யார் என்று அவள் பெரியம்மா கத்தினார். தலைகுனிந்திருந்த மணப்பெண் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அவள் மருதாணி விரலில் எலுமிச்சை விதை ஒட்டியிருந்தது.

அதுதான் நாங்கள் கடைசியாகச் செய்த சோதனை.