மஞ்சள் கோட்டுக்காரனின் மூச்சு

அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லோரும் திருதிருவென்று விழிப்பார்கள். 'மூச்சுக்காரர்' என்று கேட்டுப்பாருங்கள், வாசல் காவலாளியே கையோடு உள்ளே கூட்டிப்போய் விட்டுவிடுவார்.

வெளிநாட்டுச் சண்டைப் படங்கள் நம் மொழிக்கு வரும்போது நாயகனுக்கு ஒருவர் குரல் கொடுப்பார், வில்லனுக்கு ஒருவர். வசனத்தோடு அவர்கள் வேலை முடிந்தது. குத்தும்போது வரும் 'ஹா', குத்து வாங்கியவன் விடும் 'ஹம்ம்', மாடியிலிருந்து விழுகிறவனின் அலறல், கழுத்தை நெரித்தால் வரும் இழுப்பு, இதெல்லாம் யார் செய்வது? தொண்டை போய்விடும் என்று வசனக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிவிடுவார்கள். அந்த மிச்சம் மீதி மொத்தமும் இவர் தலையில். முப்பத்தோரு வருடமாக ஒலிவாங்கியின் முன் நின்றிருக்கிறார், ஒரு முழு வார்த்தை பேசியதில்லை. படம் முடிந்து ஓடும் பெயர்களில் தேநீர் கொடுத்தவர் பெயர்கூட வரும், இவர் பெயர் வராது.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். இருபத்திமூன்று வயதில் பார்சல் கொடுக்கிற வேலை. கூடத்துக்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர், தரையில் கிடந்த கம்பி தடுக்கிக் குப்புற விழுந்து 'ஆ!' என்று கத்தினார். உள்ளேயிருந்து ஒருவர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து, "யாருய்யா இப்ப கத்தினது? எங்கய்யா இருந்த இவ்வளவு நாளா?" என்று கேட்டார். முழங்காலில் ரத்தம் வழிய நின்ற ஆளுக்கு அன்று சாயங்காலமே வேலை கிடைத்தது. பிறகு கல்யாணம், ஒரு பெண் குழந்தை. பள்ளிக்கூடத்தில் "உங்க அப்பா என்ன செய்றார்?" என்று கேட்டதற்கு அந்தக் குழந்தை, "எங்க அப்பா தினமும் அடிவாங்குவார் மிஸ்" என்று சொல்லிவைக்க, ஆசிரியை பதறிப்போய் இவர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

வீட்டில் பேச்சு முழுக்க மனைவியின் பொறுப்பு. இவர் நாளெல்லாம் செத்துச் செத்துப் பிழைத்துவிட்டு வந்து, வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். மகள் படித்து, வேலை கிடைத்து, கடல் தாண்டிப் போனாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு போன் வரும். தாயும் மகளும் ஒரு மணி நேரம் உலகத்தையே அலசுவார்கள். கடைசியில், "இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்" என்று போன் இவர் கைக்கு வரும். "சாப்பிட்டியா? அங்க மழையா? வேலை எப்படிப் போகுது?" மூன்றே கேள்வி. பதில் வந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நான்கு வருடத்துக்கு முன் மனைவி போய்ச் சேர்ந்தாள். அந்த ஒரு மணி நேரம் அவளோடு போயிற்று. இவரிடம் மிஞ்சியது மூன்று கேள்விகள். "சாப்பிட்டேன்பா." "இல்லப்பா, வெயில்தான்." "போகுதுப்பா." அதன்பின் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். வாராவாரம் வந்த அழைப்பு சென்ற வருடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆனது. போன மாதம் ஒன்றே ஒன்று. ஒருநாள் வேலைநாளில் இவரே கூப்பிட்டுப் பார்த்தார். "என்னப்பா? என்னாச்சு? உடம்பு சரியில்லையா?" என்று அவள் பதறியதும், "ஒண்ணுமில்லம்மா, கை பட்டுடுச்சு" என்று பொய் சொல்லி வைத்துவிட்டார். நான்காவதாக ஒரு கேள்வி கிடைக்காவிட்டால், ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த போன் வராமலே போய்விடும். மனுஷருக்கு அதுதான் பயம். மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்தும் அந்த ஒரு கேள்வி அகப்படவில்லை.

இந்த நிலையில்தான் மஞ்சள் கோட்டுக்காரன் வந்தான். பிரபலமான ஒரு வீடியோ கேமை வைத்து எடுத்த அனிமேஷன் தொடர். தரை பெருக்கும் நீளத்துக்கு ஒரு மஞ்சள் கோட்டு, இரண்டு கையிலும் கத்தி. நாற்பது பேர் சூழ்ந்துகொண்டு பாய வரும்போது, ஐயா நிதானமாக நின்று சட்டைக் கைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். போட்டு முடித்த பிறகுதான் சண்டையே.

புதன்கிழமை முதல் பதிவு. இவர் வழக்கம்போல் அடிவயிற்றிலிருந்து எடுத்து 'ஹ்ஹா!' என்று ஒரு போடு போட்டார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த இயக்குநர் அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க மூட்டை தூக்கறீங்க. இவன் மூட்டை தூக்கலண்ணே. இவனுக்கு இது கஷ்டமே இல்ல."

"சண்டைன்னா கஷ்டம் இருக்கும்ல மேடம்?"

"இவனுக்கு இல்ல. இவன் விளையாடறான்."

குறைத்துச் செய்தார், தூங்குகிறவன் மாதிரி இருந்தது. கூட்டிச் செய்தார், மறுபடி மூட்டை. தலைகீழாக நின்றும் நடக்கவில்லை. முப்பத்தோரு வருடமாக வலியை விற்றுப் பிழைத்த ஆளிடம் வலியில்லாமல் ஒரு மூச்சு விடு என்றால் அவர் எங்கே போவார், பாவம்!

ஒலிப்பதிவுப் பொறியாளர், முப்பது வயதுப் பெண், இவ்வளவு நேரமும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் வைத்திருந்த அவளுடைய இரண்டு கட்டைவிரல்களும் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்ததை இவர் பார்த்தார்.

"என்னம்மா பண்ற?"

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "அந்த கேமை அவ்வளவு விளையாடியிருக்கேன் சார். இப்ப அவன் பாட்டுக்குச் சண்டை போடறான், என் விரல் சும்மா இருக்க மாட்டேங்குது. நான் கண்டுபிடிச்ச அடியை அவன் போடுவானான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். போட்டுட்டான்னா... ஐயோ, என்னைப் பத்தி யாரோ கதை எழுதின மாதிரி இருக்கும்."

"ஜெயிக்கிறது அவ்வளவு கஷ்டமா?"

"ஜெயிக்கிறதை விடுங்க சார், அதை யார் வேணா பண்ணலாம். எப்படி ஜெயிச்சோம்கிறதுதான் விஷயம். ஒருதடவை விளையாடிப் பாருங்க."

பதிவைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் இவருக்குச் சுரீரென்று உறைத்தது. இந்த மஞ்சள் கோட்டுக்காரனை எங்கேயோ பார்த்திருக்கிறோமே! வந்ததும் வராததுமாக நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து மகளின் பழைய அட்டைப்பெட்டியை இறக்கினார். கருப்பாக ஒரு வீடியோ கேம் பெட்டி, கம்பிகள், கைப்பிடியில் ரப்பர் தேய்ந்து வழவழப்பான கட்டுப்பாட்டுக் கருவி. மேலே அவள் எழுத்தில் ஒரு சீட்டு: 'தூக்கிப் போடாதீங்க'. உள்ளே இருந்த விளையாட்டு வட்டின் மேல் அவனேதான், கோட்டும் கத்தியுமாக.

எதிர்வீட்டு அம்மாளின் தயவில் கம்பிகளைச் சொருகி, வியாழன் காலை உட்கார்ந்தார். படம் வந்தது, சத்தம் வரவில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினார். கம்பியைக் கழற்றி ஊதி மாட்டினார். ஊஹூம். சரி, பழைய பெட்டி, செத்துவிட்டது போல என்று ஊமைப் படமாகவே ஆரம்பித்தார்.

முதல் வாசலைக் காக்கும் தடியனிடமே பதினோரு முறை செத்தார். சாவது அவர் தொழிலாயிற்றே, திரையில் சத்தம் வராத குறையைத் தன்னையறியாமல் தானே தீர்த்துவைத்தார். நான்காவது மரணத்துக்கு எதிர்வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, "அண்ணே, டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள்.

மதியத்துக்குமேல் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே விசை, ஒரே வெட்டு. அதையே விடாமல் அழுத்தினால் தடியன் தாங்கமாட்டேன் என்கிறான். அழுத்து அழுத்து என்று அழுத்தி ஜெயித்தே விட்டார். திரையின் மூலையில் ஓர் எழுத்து வந்தது: 'டி'. இருப்பதிலேயே கடைசி மார்க்.

"என்னடா அநியாயம்! ஜெயிச்சுட்டேனேடா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

மறுபடி ஆடியபோதுதான் சூட்சுமம் புரிந்தது. ஒரே அடியை இரண்டாம் முறை அடித்தால் அந்த எழுத்து சுணங்குகிறது, மூன்றாம் முறை கீழே இறங்குகிறது. புதிதாக ஒன்றைச் செய்தால் துள்ளி ஏறுகிறது. பொத்தான் போட்டுக்கொண்டு எதிரியைக் கேலி செய்ய என்றே தனியாக ஒரு விசை. அதனால் ஒரு காசு பிரயோஜனம் இல்லை. எதிரிக்குக் காயம் படாது, நமக்கு உயிர் கூடாது. ஆனால் உயிர் போகிற நேரத்தில் அதை அழுத்துகிற தைரியத்துக்கு அந்த மூலை எழுத்து ஒரு படி ஏறுகிறது. நீ செய்தது அழகு என்று சொல்ல ஒருவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். அதுவரை எத்தனை மாடியிலிருந்து விழுந்திருப்பார், எத்தனை குத்து வாங்கியிருப்பார்! இந்த விழுகை நன்றாக இருந்தது என்று ஒரு ஜீவன் சொன்னதில்லை. 'சரி, அடுத்தது' என்பார்கள், அவ்வளவுதான். அடேயப்பா, இதற்குத்தான் இந்தப் பிள்ளைகள் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டார்.

நினைத்த கையோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்து முகம் சுண்டிப்போயிற்று. சாப்பிட்டியா, மழையா, வேலை எப்படி. நான்கு வருடமாக அதே மூன்று அடி. அவள் போனைப் பிடித்தபடி எத்தனை முறை 'டி' போட்டிருப்பாளோ! அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை விசை தவறி வேறொரு பக்கத்துக்குப் போய்விட்டார். அங்கே அவள் பெயர் இருந்தது. பத்தொன்பது கட்டங்கள், பத்தொன்பதிலும் உச்ச எழுத்து. கீழே: விளையாடிய நேரம், இருநூற்றுப் பன்னிரண்டு மணி. பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டைகளில் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டவர் இதைப் பார்க்கவே இல்லையே. இந்த வீட்டுக் கூடத்தில்தான், இவர் படுத்திருந்த கட்டிலுக்குப் பத்தடி தள்ளித்தான், இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் அவள் உட்கார்ந்து இவ்வளவும் செய்திருக்கிறாள். கொஞ்சநேரம் கருவியைக் கீழே வைத்துவிட்டார்.

ஞாயிறு பத்து மணிக்கு போன் வரவில்லை. பத்தே கால், பத்தரை. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பத்தே முக்காலுக்கு மணி அடித்தது.

"அப்பா, சாரிப்பா, துணி துவைச்சுக்கிட்டிருந்தேன்."

"பரவால்லம்மா. சாப்பி..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஏம்மா, இந்த மஞ்சள் கோட்டுக்காரன் ஆகாசத்துல நின்னுக்கிட்டே எப்படி நாலு அடி அடிக்கிறான்? நான் குதிச்சா ஒண்ணோட கீழ விழுந்துடறேன்."



"யாருப்பா? அப்பா... நீங்க என் பெட்டிய எடுத்தீங்களா?"

"எடுக்கக் கூடாதா?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! பிறகு கொட்டத் தொடங்கினாள் பாருங்கள். குதித்ததும் இரண்டாவது விசையை உடனே அழுத்தக் கூடாதாம், அரை நொடி பொறுக்க வேண்டுமாம். ஏழாவது கட்டத்து மணிக்கூண்டில் அவள் ஒரு மாதம் மாட்டிக்கொண்டு கிடந்தாளாம். இவர் தொடரைப் பற்றிச் சொன்னார், மூட்டை தூக்கிய கதையைச் சொன்னார். "நீ பத்தொன்பதுலயும் உச்சமாமே" என்றார்.

"பாத்தீங்களா?" என்றாள் மெதுவாக.

"பாத்தேன். ஒரே ஒரு சந்தேகம்மா. பெட்டியில சத்தமே வரல. கெட்டுப்போச்சா?"

"கெடலப்பா. கேமுக்குள்ள செட்டிங்ஸ்ல சத்தத்தை நான்தான் பூஜ்யத்துல வெச்சிருப்பேன்."

"ஏன்?"

"நீங்க நாள் பூரா கத்திட்டு வந்து படுத்திருப்பீங்க. ஒருநாள் கொஞ்சம் சத்தமா வெச்சிட்டேன். 'வீட்டுக்கு வந்தும் இந்த அடிதடியைத்தான் கேக்கணுமா'ன்னு கேட்டீங்க. திட்டலப்பா, சும்மாதான் கேட்டீங்க. அன்னிக்கு அணைச்சது. அப்புறம் அப்படியே பழகிடுச்சு."

அவருக்கு அப்படிக் கேட்ட ஞாபகமே இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரமும் சத்தமில்லாமலா? கேட்க வாய் வரவில்லை.

"அப்பா? இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"அவன் பொத்தான் போடும்போது வாய் லேசா அசையும். என்ன சத்தம் வரும்னு நானே நெனச்சுப்பேன். அப்புறம் அவன் நெஜச் சத்தத்தை எங்கயும் கேக்கணும்னு தோணல. இப்ப நீங்கதானே அவனுக்குப் பண்றீங்க? பண்ணிக் காட்டுங்களேன்."

கட்டிலை விட்டு எழுந்து நின்றார். ஊரான் படத்துக்கெல்லாம் நினைத்த மாத்திரத்தில் திறந்த தொண்டையிலிருந்து முதலில் வெறும் காற்றுதான் வந்தது. போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மறுபடி காதோடு வைத்துக்கொண்டார். எதிரே அவள் பத்தொன்பது வயதுப் பெண்ணாக, முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டார். அவளை வம்புக்கு இழுக்கிறவர் போல, மூக்கால் லேசாக ஒரு மூச்சு விட்டார், சிரிப்பில் பாதி. அதில் வலி துளியும் இல்லை.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பயந்துவிட்டார்.

"இன்னொரு தடவைப்பா" என்றாள். குரல் கரகரத்திருந்தது.