கரண்டு மேளமும் ஆறு மணிச் சேதியும்

எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குக் கரண்டு மேளம் வந்த வருஷம்தான் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தார். கல்வராயன் மலைமேல் முப்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கிய மேளம் அது. சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றி, இரண்டு மேளமும் ஒரு மணியும் தானாக அடித்துக்கொள்ளும்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெரியம்மா கூட இருந்தார். அப்பா கரும்பு வெட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் உலை வைக்க ஆள் வேண்டுமே, ஐந்தாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். எனக்குத் துணைக்கு வந்தவர் அம்மாவின் தம்பி. ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவர். லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காக அமெச்சூர் ரேடியோவில் மற்ற ரேடியோக்காரர்களோடு பேசுகிறவர்.

மாமா சும்மா வரவில்லை. எங்கள் வீடு மலை விளிம்பில் இருந்ததால், பக்கத்தில் ஒரு குழாயை நட்டு ரிப்பீட்டர் என்று ஒரு பெட்டியை வைத்துவிட்டார். கீழே யாராவது கையடக்க செட்டில் பேசினால் அந்தப் பலவீனமான குரலை அது ஒரு அலைவரிசையில் கேட்டு, இன்னொன்றில் பலமாகத் திருப்பிச் சொல்லும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாமாவின் சிநேகிதர் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பேசுவார். அம்மா கஞ்சி குடித்தார், ஜுரம் கம்மி என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்காக நான் விடிந்ததிலிருந்து காத்திருப்பேன். வராவிட்டால் என்ன ஆகும் என்றும், வந்து கெட்ட சேதியாக இருந்தால் என்ன ஆகும் என்றும் மாற்றி மாற்றிக் கவலைப்படுவேன்.

ஆபரேஷன் நாள் நெருங்க நெருங்க, ஆறு மணிக்கு ஒரு கொரகொரப்பு கிளம்பிக் குரலை விழுங்க ஆரம்பித்தது. ஐந்து நிமிஷத்தில் நின்றுவிடும். மாமா எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்குள் போய்விடும். ஆபரேஷன் அன்று மட்டும் அது நிற்கவே இல்லை.

"ஒங்க அக்காவுக்கு ஆபரேசன்..." அவ்வளவுதான் கேட்டது. அப்புறம் ஒரே கொரகொரப்பு.

பழைய டிவி ஆண்டெனாக் கம்பிகளைக் கட்டையில் கட்டி வைத்திருந்தார் மாமா. அதைச் செட்டோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு, சத்தம் ஜாஸ்தியாகிற பக்கம் பார்த்து நடந்தார். நானும் ஓடினேன். வழியில் ஒருவர், "இன்னா மச்சான், மீன் முள்ளத் தூக்கிக்கினு எங்க போற?" என்றார். இன்னொருவர் அவர் நிலத்தடி நீர் பார்க்கிறார் என்று நினைத்து, "அப்படியே எங்க கொல்லைக்கும் வந்துட்டுப் போங்க" என்று கூடவே நடந்தார்.

கம்பி நேராகக் கோயிலைக் காட்டியது. உள்ளே, தினமும் ஆறு மணிப் பூசைக்கு ஐந்து நிமிஷம் ஓடுகிற கரண்டு மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் தேய்ந்து தீப்பொறி பறக்கிறது, அதுதான் ரேடியோவைக் கெடுக்கிறது என்று மாமா சொல்ல, பூசாரி கற்பூரத் தட்டோடு திரும்பினார்.

"ஆத்தா மேளத்த நிறுத்தச் சொல்றியா? ஒங்க வூட்டுப் பொண்ணுதான இன்னிக்கு அரை மணி நேரம் ஓடணும்னு வந்து அழுதுச்சி?"

உண்மைதான். அம்மாவின் ஆபரேஷனுக்காக நான் வேண்டிக்கொண்டது அது. மாமா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவின் சேதியை நானே கெடுத்துவிட்டேன், அம்மாவையே கெடுத்துவிட்டேன் என்று தோன்றி, "நிறுத்துங்க, நான் கையால அடிக்கிறேன்" என்று மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவிட்சை அணைத்தார்.

மாமா செட்டில், திரும்பச் சொல்லுங்கள் என்றார். குரல் தெளிவாக வந்தது. "ஆபரேசன் முடிஞ்சிச்சி. கண்ணத் தொறந்துட்டாங்க. தண்ணி கேட்டாங்க, பஞ்சுல நனைச்சி ஒதட்டுல வெச்சாங்க."

மாமா என் தலையில் கை வைத்தார். "எப்பவும் போல மேளம் அஞ்சே நிமிசத்துல நின்னுருந்தா, சத்தம் எங்கேருந்து வருதுன்னு இன்னிக்கும் நான் புடிச்சிருக்க மாட்டேன் பாப்பா" என்றார். மறுநாள் மோட்டாரில் இரண்டு கெப்பாசிட்டர் வைத்துக் கொரகொரப்பை அடக்கினார். மேளச் சத்தமும் குறைந்துவிட்டதோ என்று பூசாரி மூன்று தடவை போட்டுப் பார்த்துக்கொண்டார். நானோ, அம்மாவுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தரவில்லையே என்று அன்று முழுக்கக் கவலையில் இருந்தேன்.

அந்தச் சிநேகிதர் யாரென்று நான் கேட்டதே இல்லை. ரேடியோக்காரர்கள் வழக்கப்படி மாமா அவரைப் பெயர் சொல்லாமல், லைசென்ஸில் உள்ள எழுத்தும் எண்ணும் சேர்த்துத்தான் கூப்பிடுவார். பல வருஷம் கழித்து அம்மா சொன்னார்: "தெனமும் ஒருத்தர் வார்டு வாசல்ல வந்து நிப்பாரு. இன்னிக்கு இன்னா சாப்பிட்டீங்கன்னு கேப்பாரு. சட்டையெல்லாம் மில்லு எண்ணெ. உள்ள வான்னா வர மாட்டாரு." மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில்லில் வேலை முடித்து, பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி வந்து, தன் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், கொரகொரப்பு இல்லாவிட்டால் சேதி தானாக வந்துவிடும் என்பதுதான்.