நான் பார்த்த முடிச்சு

அந்தக் குதிரைக்குட்டிக்கு மூன்று மாதம். மாமல்லபுரம் கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி நடத்துகிற ஒருவர் வளர்த்தது. காய்ச்சல், மூக்கில் சளி என்று கூப்பிட்டிருந்தார். கேளம்பாக்கத்தில் நான் கால்நடை கிளினிக் தொடங்கிய முதல் வருடம் அது. அதுவரை என்னிடம் வந்ததெல்லாம் பெரும்பாலும் நாய், பசு.

தாய்க்குதிரை கடற்கரையில் சவாரியில் இருந்தது. அவர் குட்டியை நைலான் கயிற்றால் சவுக்குக் கம்பத்தோடு ஒட்டக் கட்டியிருந்தார். இழுத்தால் அவிழாத முடிச்சு. கட்டிப் பழகாத குட்டியை அப்படிக் கட்டவே கூடாது என்று படித்திருந்தேன். முடிச்சைப் பார்த்தேன். ஆனால் ஊரப்பாக்கத்தில் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடந்தது, இரண்டு முறை போன் வந்துவிட்டது.

"கொஞ்சம் பிடிச்சுக்கோங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

ஊசி பட்டதும் குட்டி பின்னால் இழுத்தது. கயிறு விடவில்லை. விடவில்லை என்றதும் அதற்கு வெறி வந்துவிட்டது. முன்கால்களைத் தூக்கி முழு பலத்தோடு இழுத்ததில் தலைக்கயிற்றின் வளையம் தெறித்தது. மல்லாந்து விழுந்தது. பின்மண்டை தண்ணீர்த்தொட்டியின் விளிம்பில் பட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் ரத்தம். என்னென்னவோ செய்தேன். அரை மணி நேரத்தில் போய்விட்டது.

அவர் குட்டிமேல் சாக்கை விரித்தார். நான் வண்டியை எடுக்கும்போது தாய்க்குதிரையை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அது கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கனைத்தது. மெயின் ரோட்டுக்கு வந்த பிறகும் அது எனக்குக் கேட்டது.

இரண்டு வருடம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தால் உடம்பு தூக்கிவாரிப் போடும். எந்த மாட்டைப் பார்க்கப் போனாலும் கண் முதலில் கயிற்றுக்குத்தான் போகும். கனவில் அதே முடிச்சு வரும். அவிழ்க்க உட்காருவேன், அதற்குள் விழித்துவிடுவேன்.

அப்புறம் ஒருநாள் காலையில் அவரே போன் செய்தார்.

"டாக்டரம்மா, இன்னொரு குட்டி கீது. அதே தாயிக்குத்தான். வேலிக்கம்பி கால கிய்ச்சிட்ச்சு. வரியா?"

வேறு டாக்டரைச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. போனேன்.

முதலில் தாய்க்குதிரையைக் கொண்டுவரச் சொன்னேன். அவர் மனைவி அதன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு குட்டியின் கண்ணெதிரே நின்றார். குட்டியைக் கட்டவில்லை. சுவரோரமாக நிறுத்தி, குதிரைக்காரருடைய ஒரு கையை அதன் மார்புக்குக் குறுக்கேயும் இன்னொன்றைப் பின்தொடைகளைச் சுற்றியும் வைத்தேன்.

"இறுக்காதீங்கண்ணா. அது நகர்ந்தா நீங்களும் கூடவே நகருங்க. அது நின்னா கையைத் தளர்த்துங்க. நான் சொன்னா உடனே விட்டுடுங்க."

"சரிம்மா."

மயக்க ஊசி பட்டதும் குட்டி துள்ளியது. அவரும் கூடவே இரண்டடி நகர்ந்தார். நின்றது. தாய் மூக்கை நீட்டி அதன் நெற்றியை முகர்ந்தது. தலை தொங்கும்வரை காத்திருந்து, காயத்தை மரக்கவைத்து, ஆறு தையல் போட்டேன்.

கை கழுவும்போது சொல்லிவிட்டேன். "அண்ணா, அன்னைக்கு அந்த முடிச்சு தப்புன்னு எனக்குத் தெரியும். பார்த்துட்டு சும்மா இருந்துட்டேன்."

அவர் குட்டியைத் தடவிக்கொண்டே, நிமிராமல் சொன்னார். "நீ முடிச்ச பாத்தத நானும் பாத்தேம்மா. டாக்டரே ஒண்ணும் சொல்லல, சரியாத்தான் கட்டிகீறோம்னு நென்ச்சிக்கினேன்."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்கப் போனேன். காயம் நன்றாக ஆறியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி தாயைக் கொண்டுவந்து எதிரே நிறுத்திவிட்டார், அவர் மண்டியிட்டுக் குட்டியை அணைத்துக்கொண்டார். நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.