கண்ணாடி அலமாரியில் எனக்கொரு தனிக் கோப்பை

நார்டன் ஸ்டேஷனில் நாங்கள் இறங்கியபோது மாலை ஐந்தே கால். பெங்களூர் கண்டோன்மென்டில் ரயில் ஏறி, பம்பாயில் கப்பல் பிடித்து, இத்தாலியில் கரையிறங்கி, மறுபடி ரயில் மாறி மாறி வந்து சேர இருபத்து நான்கு நாள் ஆகியிருந்தது. அழைத்துப்போக வந்திருந்த ஹார்ம் என்பவர் தொப்பியைத் தொட்டு "மொய்ன்" என்றார். அது காலை வணக்கம் என்று கப்பலில் ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தார். சாயங்காலத்தில் காலை வணக்கம் சொல்கிற மனுஷனை எப்படி நம்புவது? அங்கே நாள் முழுக்க அதுதான் வணக்கம் என்று ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை அவரை ஓரக்கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பெங்களூர் மர்பி டவுன்காரன். வெளிநாட்டிலிருந்து தருவித்த பம்புகளைப் பழுது பார்க்கக் கற்றுவரச் சொல்லி, 1959 செப்டம்பரில் எங்கள் தொழிற்சாலை என்னையும் அல்சூர் தாஸையும் ஆறு மாதத்துக்கு அனுப்பியது. ஹார்ம் பட்டறை மேஸ்திரி. அவர் வீட்டு மாடியறை எனக்கு. இரண்டு வீடு தள்ளி தாஸுக்கு. யுத்தத்தில் இங்கிலீஷ்காரர்களிடம் கைதியாக இருந்ததால் ஹார்முக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும். அவர் மனைவி ஆன்ட்யேவுக்குச் சிரிப்பு மட்டும்தான் வரும்.

ஊருக்குக் கிழக்கு ஃப்ரீஸ்லாந்து என்று பெயர். ஜெர்மனியின் வடமேற்கு மூலை. மேடு என்று சொல்ல ஒரு கல் கிடையாது. பல இடங்களில் தரை கடலைவிடத் தாழ்வு. நீளமாக ஒரு மண்கரை எழுப்பி, அதில் புல் வளர்த்து, ஆடு மேய விட்டிருக்கிறார்கள். வயலில் தேங்கும் தண்ணீரைப் பம்புகள் இறைத்துக் கடலில் கொட்டுகின்றன. முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஐந்து கிலோமீட்டர் நடந்து கரைமேல் ஏறிப் பார்த்தேன். கடலையே காணோம், கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. இரண்டு மணிக்கு வந்துவிடும் என்றார் கூட வந்திருந்த ஹார்ம். கடல் என்ன பஸ்ஸா, நேரம் சொல்லி வர? அங்கேயே குந்தியிருந்து பார்த்தேன். சொன்னபடி வந்தது. அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

ஆனால் என்னை உறுத்தியது கடல் அல்ல, டீ. அங்கே டீ குடிப்பது ஒரு பூஜை. கோப்பையில் முதலில் கற்கண்டு. மேலே சூடான டீ ஊற்ற அது படபடவென்று வெடிக்கும். பிறகு ஓரமாகச் சொட்டு பாலாடை. கலக்கக்கூடாது. மூன்று கோப்பையாவது குடிக்கவேண்டும். போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்கவேண்டும். இதெல்லாம் சரி. ஹார்மும் ஆன்ட்யேவும் பூப்போட்ட ஒரே மாதிரிக் கோப்பைகளில் குடித்தார்கள். எனக்கு மட்டும் வேறொன்று, கண்ணாடி அலமாரியிலிருந்து வரும். குடித்து முடித்ததும் ஆன்ட்யே அதை மற்றவற்றோடு சேர்க்காமல், தனியாகக் கழுவி, தனியாகத் துடைத்து, அலமாரியில் வைத்துப் பூட்டுவாள்.

எங்கள் ஊரில், ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளி தாண்டி ஒரு டீக்கடை. எங்கள் ஆட்களுக்கென்று இரண்டு டம்ளர் வாசல் மூங்கிலில் தொங்கும். குடித்துவிட்டு நாமே கழுவி மாட்டவேண்டும். அப்பாவுக்கும் அதுதான், எனக்கும் அதுதான். ஏழு கடல் தாண்டி வந்தும் அந்த டம்ளர் எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டதே.

தாஸிடம் சொன்னேன். அவன் வீட்டிலும் அவனுக்குத் தனிக் கோப்பைதானாம்.

"கப்பு ஜோரா கீது மச்சான், தங்க ரேக்கு வேற. சும்மா குடிடா."

"ஜோரா இருக்கட்டும். தனியா ஏன் கீது?"

"அந்த டம்ளர இங்கயும் எத்துகினு வந்துட்டியா நீ?" என்றான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வேறு வீடு மாற்றித் தரும்படி பட்டறைக்கு ஒரு கடிதம் எழுதி, திங்கட்கிழமை கொடுப்பதாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். போவதற்கு முன் கையும் களவுமாகப் பிடித்துவிடவேண்டும்.

ஞாயிறு மூன்று மணிக்கு டீ. தாஸும் வந்திருந்தான். என் கோப்பையில் பாதி குடித்துக் கீழே வைத்தேன். ஹார்ம் பைப்பைப் பற்றவைக்கத் திரும்பிய சமயம், அவருடைய கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். தீட்டுப் பார்க்கிறவரா என்பது இப்போது தெரிந்துவிடும் என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

ஹார்ம் திரும்பினார். தன் கோப்பை என் கையில் இருப்பதைக் கண்டு தோளைக் குலுக்கினார். என் கோப்பையை எடுத்தார், மீதியைக் குடித்தார். அவ்வளவுதான்.

ஆன்ட்யேதான் சண்டைக்கு வந்தாள், என்னிடம் அல்ல, புருஷனிடம். ஹார்ம் அசடு வழிய மொழிபெயர்த்தார். அது அவள் கல்யாணத்துக்கு அக்கா கொடுத்த கோப்பையாம். விருந்தாளி வந்தால் மட்டும் எடுப்பது. இருபது வருஷத்தில் அவருக்கு ஒரு தடவைகூட அதில் ஊற்றியதில்லையாம்.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பையிலிருந்த கடிதம் நெஞ்சைச் சுட்டது. ஆன்ட்யே என்னவோ கேட்டாள். உங்கள் ஊரிலும் இப்படித் தனிக் கோப்பை வைப்பீர்களா என்று கேட்கிறாள் என்றார் ஹார்ம். தாஸ் என்னையே பார்த்தான்.

"வைப்பார்கள்," என்றேன். "சிலருக்கு மட்டும்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கடிதத்தை அன்றைக்கே அடுப்பில் போட்டேன்.

மார்ச் மாதம் காலை ஒன்பதரை ரயிலுக்கு வழியனுப்ப வந்தார்கள். ஆன்ட்யே பக்கத்து வீட்டு அம்மாளிடம் என்னைக் காட்டி மகிழ்ச்சியாக என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். "இந்தியாவிலும் நம்மைப் போலத்தான், இவருக்கென்றே தனிக் கோப்பை வைத்து மரியாதை செய்வார்களாம் என்கிறாள்" என்றார் ஹார்ம்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். தனி டம்ளர் தொங்கவிட்டவர்களுக்கு இல்லாத வெட்கம், அந்தப் பிளாட்பாரத்தில் எனக்கு வந்தது. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ரயில் நகரும்வரை ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே நின்றேன்.