வெள்ளாற்றின் அக்கரைக்கு

நெய்வேலியிலிருந்து வடலூர் வழியாக ஸ்கூட்டரை நான்தான் ஓட்டி வருகிறேன். பின்னால் என் கணவர். சுரங்கத்தில் ஷிப்டு பார்த்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை சரியாக எழும்புவதில்லை, பேச்சும் குழறுகிறது. யாராவது பார்க்க வந்தால் குவார்ட்டர்ஸின் உள்ளறைக்குப் போய்விடுவார். கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கெஞ்சித்தான் இன்று கிளப்பியிருக்கிறேன்.

வெள்ளாற்றைப் படகில் கடக்க வேண்டும். படகுக்காரர் பலகை போட்டு ஸ்கூட்டரை ஏற்றித் தருகிறார். காலி மீன்கூடையோடு எதிரே உட்காரும் ஓர் அம்மா என் கணவரையே பார்க்கிறார்.

“கையி என்னா ஆச்சுங்க?”

பதில் சொல்ல நான் வாயைத் திறக்கிறேன். கணவர் இடது கையால் என்னைத் தடுக்கிறார்.

“ஸ்... ஸ்ட்ரோக்கும்மா.”

“எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் வந்துச்சு. இப்ப வலை பின்னிக்கினு இருக்காரு.”

“எந்தக் கை?” கணவரே கேட்கிறார்.

“இதே சோத்துக் கைதாங்க. மொதல்ல வலை ஊசியே கையில நிக்காது. கோவத்துல தூக்கி எறிவாரு. நாந்தான் பொறுக்கிக் குடுத்துக்கினே இருப்பேன்.”

என் கணவர் சிரிக்கிறார். பிறகு எப்படிப் பழகினார் என்று கேட்கிறார்; நடுவில் ஒரு சொல் சிக்கி நிற்கிறது. அந்த அம்மா அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறார். மாதக்கணக்கில் இவ்வளவு பேச்சை என் கணவரிடமிருந்து நான் கேட்டதில்லை.

படகு கரை தட்டுகிறது. மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். “வண்டிய எறக்கிடலாமாம்மா?” என்கிறார் படகுக்காரர்.

“கொஞ்சம் இருங்க,” என்கிறேன். “அவங்க பேசி முடிக்கட்டும்.”