இரண்டாவது இழை ஏன் துண்டு துண்டாக?

பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் எங்கள் பயாலஜி டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். போகும்போது ஒரு பென் டிரைவைக் கொடுத்து, நம்ம பீரியடில் ஸ்மார்ட் போர்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், சண்டை போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே முழுக்க வீடியோ பாடங்கள்.

பாடம் நடத்துபவரின் முகம் கடைசிவரை தெரியாது. ஒரு குரல், ஒரு கை, ஒரு பேனா. கை வரையும், வரைந்தது கொஞ்ச நேரத்தில் அசைய ஆரம்பிக்கும். டி.என்.ஏ. எப்படித் தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்துகொள்கிறது என்ற பாடம்தான் என்னைப் பைத்தியமாக்கியது. முறுக்கிய ஏணியை ஹெலிகேஸ் என்ற நொதி நடுவில் பிளந்துகொண்டே ஓடும். பின்னாலேயே பாலிமரேஸ் வந்து, பிரிந்த இழைகளுக்கு ஏற்ற ஜோடியைக் கோக்கும். ஏ இருந்தால் எதிரில் டி, ஜி இருந்தால் எதிரில் சி. முடிவில் ஒரு டி.என்.ஏ. இருந்த இடத்தில் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய இழை, ஒரு புது இழை. இந்த பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கும்போதே இது எனக்குள் நடக்கிறது என்று நினைத்தால் என்னால் உட்காரவே முடியாது.

வகுப்பும் அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் ஹெலிகேஸ் ஓடுவதைப் பார்த்து நாங்கள் கிரிக்கெட் மேட்ச் போலக் கத்திக்கொண்டிருந்தபோது பிரின்சிபால் மேடம் கதவருகே நின்றார். டீச்சர் இல்லாத பீரியடைத் தனக்குத் தரும்படி கணக்கு சார் ஏற்கெனவே கேட்டிருந்தாராம். மேடம் கோபப்படவில்லை. திங்கட்கிழமை வருகிறேன், ஸ்மார்ட் போர்டை அணைத்துவிட்டு ஒருத்தி இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் எனக்குப் புரியவைக்கட்டும் என்றார். புரிந்தால் பீரியட் எங்களுக்கு. இல்லையென்றால் டீச்சர் திரும்பி வரும்வரை கணக்கு. யார் என்று கேட்டார். என் கை எனக்கு முன்னால் எழுந்துவிட்டது.

எனக்கு என்ன பயம்? எல்லா வீடியோவையும் போனில் ஏற்றிக்கொண்டு வீட்டிலும் பார்த்திருந்தேன், இரண்டு மடங்கு வேகத்தில். பக்கத்து பெஞ்சுத் தோழி இதற்கு நேர் எதிர். அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள்; பாலத்தில் நெரிசல் என்றால் தாமதம். வீடியோவை நிறுத்துவாள், பின்னால் தள்ளுவாள், மறுபடி பார்ப்பாள். நீ பார்த்து முடிப்பதற்குள் டி.என்.ஏ.வே சலித்துப் போய்விடும் என்று நான் கிண்டல் செய்வேன்.

சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்ததும் அவளை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். வேகமாகச் சொன்னேன், நன்றாகவே சொன்னேன். முதல் இழையில் பாலிமரேஸ் நிற்காமல் போகும், இரண்டாவது இழையில் துண்டு துண்டாகச் செய்யும், பிறகு லைகேஸ் என்ற நொதி துண்டுகளை ஒட்டும். முடிந்தது. அவள் கன்னத்தில் கை வைத்தபடி கேட்டாள்:

"ரெண்டும் ஒரே மாதிரி இழதான? அது மட்டும் இன்னாத்துக்குடி துண்டு துண்டா?"

"அது அப்படித்தான்டி."

"அப்படித்தான்னா மேடம் விட்டுடுவாங்களா?"

சொல்ல என்னிடம் இருந்ததெல்லாம் வீடியோவின் வாக்கியங்கள்தான். இழைகள் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன, பாலிமரேஸ் ஒரே திசையில்தான் கட்டும். மனப்பாடமாகத் தெரியும். ஆனால் அதனால் ஏன் துண்டாக வேண்டும் என்பதைக் கண் முன்னால் கொண்டுவர முடியவில்லை. அன்றிரவு வீடியோவை மறுபடி போட்டேன். அந்த இடம் கண் இமைக்கும் நேரத்தில் ஓடிப்போனது.

மறுநாள் ஞாயிறு எங்கள் முத்தியால்பேட்டையில் தேர். அம்மா இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறவர். தேருக்கு வந்த உறவுக்காரர்களால் எல்லா வீட்டிலும் ஆர்டர் கூடியிருந்தது. அண்ணன் ஸ்கூட்டரை ஓட்ட, நான் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தேருக்காக இரண்டு தெருக்களை அடைத்திருந்தார்கள். முதல் தெருவில் தேர் வடக்கே போகும். பக்கத்திலேயே ஒட்டி ஓடும் இரண்டாவது தெருவில் மோர்ப் பந்தலும் கூட்டமும். தேர் ஒவ்வொரு குறுக்குத் தெருவையும் தாண்டியதும் போலீஸ் அதுவரைக்கும் இரண்டு தெருக்களையும் திறந்துவிடும். ஆனால் ஒருவழி. முதல் தெருவில் வடக்கேதான் போகலாம், இரண்டாவதில் தெற்கேதான் வரலாம்.

முதல் தெரு சுலபமாக இருந்தது. தேர் நகர நகர, அதன் பின்னாலேயே வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டே போனோம். கொஞ்ச தூரம் போனதும், வெளித் தெரு வழியாகச் சுற்றி இரண்டாவது தெருவின் தெற்கு முனைக்கு வந்து அண்ணன் வண்டியை உள்ளே திருப்பியபோது சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் கையைக் காட்டினார். முதல் தெரு வழியாக மேலே வடக்கே போய், இதில் இறங்கி வரச் சொன்னார். திறந்திருந்த குறுக்குத் தெரு வரை மேலே போய், அங்கிருந்து இரண்டாவது தெருவில் இறங்கி, கொடுத்துக்கொண்டே வந்தோம். அதற்குள் தேர் அடுத்த குறுக்குத் தெருவைத் தாண்டியிருந்தது. மறுபடி முதல் தெருவில் கொடுத்துக்கொண்டே மேலே ஏறி, புதிதாகத் திறந்த பகுதியில் இறங்கி, ஏற்கெனவே கொடுத்த வீடு வரை வந்தோம். மறுபடி மேலே. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான், இந்தத் தெருவுக்கு மட்டும் எத்தனை தடவைதான் ஏறி இறங்குவது என்று.

அவன் முதுகில் ஓங்கித் தட்டினேன்.

"அண்ணா, நீதான்டா பாலிமரேஸ்."

"ஏய், திட்டறதுன்னா தமிழ்ல திட்டு. பைய கெட்டியா புடி."

தேர்தான் ஹெலிகேஸ். அது போகிற திசையிலேயே வண்டி போகக்கூடிய தெருவில் நிற்காமல் போகலாம். வண்டி எதிர்த்திசையில் மட்டுமே போகக்கூடிய தெருவில், திறந்த அளவுக்குத்தான் வேலை. செய்துவிட்டு மறுபடி மேலே போய்த் தொடங்க வேண்டும். துண்டு துண்டாகத்தான் வரும். வேறு வழியே இல்லை.

தேர் முனையில் திரும்பியபோது அம்மாவின் போன் வந்தது. மூலை வீட்டு அக்காவுக்கு மாவு வரவில்லையாம். ஒரு தடவை இறங்கி வந்து நிறுத்திய இடத்துக்கும், அதற்கு முந்தைய தடவை தொடங்கிய இடத்துக்கும் நடுவில் அந்த ஒரு வீடு விட்டுப்போயிருந்தது. அண்ணனைத் தலையில் அடித்துக்கொள்ளவிட்டு நான் நடந்தே போய்க் கொடுத்தேன். லைகேஸ் வேலை.

திங்கட்கிழமை மேடம் முன்பெஞ்சில் உட்கார்ந்தார். கரும்பலகையில் இரண்டு தெருக்களை வரைந்தேன், தேரை வரைந்தேன், ஸ்கூட்டரை வரைந்தேன். மெதுவாகச் சொன்னேன், இடையிடையே தோழியைப் பார்த்தேன், அவள் தலையாட்டினால் மட்டும் அடுத்த வரிக்குப் போனேன். முடித்ததும் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இரண்டாவது தெருவுக்கு இவ்வளவு அலைச்சல் எதுக்கு? தேர் முழுசா போய் முடியற வரைக்கும் காத்திருந்தா, மேலேர்ந்து ஒரே மூச்சுல இறங்கி வந்துடலாமே?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. சாக்பீஸ் விரலில் உருண்டது. கதவுக்கு வெளியே கணக்கு சார் வந்து நிற்பது தெரிந்தது. அப்போது தோழி எழுந்தாள்.

"மாவு புளிச்சிடும் மேடம்."

வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை, மேலே சொல் என்பதுபோல் பார்த்தார். அவள் தட்டுத் தடுமாறினாலும் விடவில்லை. ஜோடி இல்லாமல் திறந்து கிடக்கும் இழை சீக்கிரம் அறுந்துபோகும், சிதைந்துபோகும்; அதனால் ரொம்ப நேரம் தனியாக விடக்கூடாது, திறக்கத் திறக்கச் செய்துவிட வேண்டும். வீடியோவில் ஒரு நொடி வரும், இழையைப் பிடித்துக் காப்பாற்றுகிற குட்டிப் புரதங்களைக் காட்டுவார்கள், அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன் என்றாள். நான் அந்தப் புரதங்களைப் பார்த்ததாகவே நினைவில்லை.

மேடம் எழுந்து கரும்பலகை அருகே வந்தார். ஸ்கூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார்.

"சார், இந்த பீரியட் இவங்ககிட்டயே இருக்கட்டும். நேரம் இருந்தா நீங்களும் உக்காந்து பாருங்க."

சார் ஒரு நொடி தயங்கிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் ஸ்மார்ட் போர்டைப் போட்டேன். அடுத்த பாடம், டி.என்.ஏ.விலிருந்து புரதம் எப்படி வருகிறது. வழக்கம்போல் வேகத்தைக் கூட்டப்போன என் விரலைத் தோழி பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சாதா வேகத்திலேயே விட்டுவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.